ஓரத்தில் நிற்கும் பிள்ளை: எதை முதலில் செய்வது, எதைப் பிறகு

குன்னூர்ப் பக்கம் ஒரு மாலை நேரப் படிப்பு மையத்தில் பல வருஷமாகப் பிள்ளைகளோடு இருக்கிறேன். புதிதாக வரும் தன்னார்வலர்களும் சரி, கலங்கிப்போய் வரும் பெற்றோரும் சரி, ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். பிள்ளை யாரோடும் சேர்வதில்லை என்று தெரிந்த அன்றைக்கே பிள்ளையைத் திருத்தக் கிளம்பிவிடுகிறார்கள். “போ, போய் விளையாடு” என்று முதுகில் கை வைத்துத் தள்ளுகிறார்கள். பிள்ளை போகும், நாலு நிமிஷத்தில் திரும்பி வரும். மறுநாள் தள்ளினால் அழும்.

“சின்ன வயசிலேயே இப்படி இருந்தா பெரியவனானதும் மனசு கெட்டுப்போகுமா டீச்சர்?” என்று கேட்காத அம்மா இல்லை. நேர்க்கோடு போட்டதுபோல் அப்படி எதுவும் நடப்பதில்லை. இங்கிலாந்தில் பிரிஸ்டல் வட்டாரத்தில் 1991, 1992-ஐ ஒட்டிப் பிறந்த பிள்ளைகளை வயிற்றில் இருந்த காலத்திலிருந்து இன்றுவரை பின்தொடர்கிறார்கள். அதிலிருந்து 2018-இல் வந்த ஆய்வு ஒன்று, மற்றவர்களோடு பேசிப் பழகச் சிரமப்பட்ட பிள்ளைகளுக்கு 10 வயதிலிருந்து 18 வரை மனச்சோர்வின் அறிகுறிகள் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. அந்தக் கூடுதலில் கணிசமான பங்கு அவர்கள் பட்ட கேலி, அடி, அவமானத்தோடு சேர்ந்தே வந்தது. பிள்ளையின் சுபாவத்தை மாற்றுவது நம் கையில் இல்லை. அந்தப் பங்கு நம் கையில் இருக்கிறது. கீழே உள்ள வரிசை அதை வைத்துப் போட்டது.

தொடங்குமுன்

நாற்பது பக்க நோட்டு ஒன்று. மூன்று மாதப் பொறுமை. பள்ளிக்குள் நம்பகமான ஒரு பெரியவர். அவர் வகுப்பு ஆசிரியராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. யார் யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், யார் தட்டை எடுத்துக்கொண்டு தூரமாகப் போகிறார்கள் என்பதெல்லாம் சத்துணவு ஆயாவுக்கு அத்துபடி. தன்னார்வலராக இருந்தால் பெற்றோரின் சம்மதம் இல்லாமல் நோட்டைத் திறக்கவே வேண்டாம்.

இந்த வரிசையை விட்டுவிட வேண்டிய நேரங்களும் உண்டு. பேசிக்கொண்டிருந்த குழந்தை பேச்சை இழந்தாலோ, நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று யாரையாவது கண்டு நடுங்கினாலோ, உடலில் காயம் தெரிந்தாலோ, சாக வேண்டும் என்று சொன்னாலோ நோட்டு எழுதிக்கொண்டிருக்கக் கூடாது. அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். யாரோ தொட்டதாக, துன்புறுத்தியதாகச் சந்தேகம் வந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐக் கூப்பிடுங்கள்.

1. இரண்டு வாரம் பாருங்கள், எதையும் செய்யாதீர்கள்

இதுதான் புதியவர்களுக்குக் கடினமான படி. கை துறுதுறுக்கும்.

பார்க்க வேண்டியது வகுப்பறையை அல்ல. வகுப்பில் எல்லாப் பிள்ளையும் வரிசையாகத்தான் உட்கார்ந்திருக்கும். காலை பிரேயருக்கு முந்தைய பத்து நிமிஷம், இன்டர்வெல், மதியச் சாப்பாடு, வீட்டுக்குப் போகும் வழி ஆகிய நான்கு நேரங்களைப் பாருங்கள். மலையில் நான்காவதுதான் முக்கியம். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான எஸ்டேட் லைனுக்கும் படுகர் கிராமமான ஹட்டிக்கும் போகிற பாதையில் பிள்ளைகள் அரை மணி, முக்கால் மணி நடக்கிறார்கள். அந்த நேரம் எந்த ஆசிரியர் கண்ணிலும் படாது.

கண்டதை எழுதுங்கள், நினைத்ததை எழுதாதீர்கள். புதிதாக வந்த ஒரு தம்பி முதல் நாள் “சோகமாக இருந்தான், யாரையும் பிடிக்கவில்லை” என்று எழுதினார். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அதே பையனைப் பற்றி இரண்டாவது வாரம் அவர் எழுதியது இது:

“செவ்வாய், இன்டர்வெல். சுற்றுச்சுவர் ஓரம் நின்றான். கீழே ரயில் சத்தம் கேட்டதும் எட்டிப் பார்த்தான். கோலி விளையாடிய மூன்று பேரிடம் போனான். ‘மொத்தம் 208 வளைவு, 16 குகை, 250 பாலம்’ என்றான். அவர்கள் நிமிரவில்லை. இரண்டு முறை திரும்பச் சொன்னான். ஒருவன் ‘போடா கூட்ஸு’ என்றான். சுவருக்கே திரும்பி வந்தான்.”

அவன் சொன்னது மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குப் போகும் மலை ரயில் பாதையின் கணக்கு. யாரையும் பிடிக்காதவன் கோலி ஆடுகிறவர்களிடம் எதற்குப் போகிறான்? போகத் தெரிகிறது, சேரத் தெரியவில்லை. இந்த ஒரு குறிப்பில் அடுத்த மூன்று மாத வேலை இருந்தது.

இதே இரண்டு வாரத்தில் வீட்டில் எப்படி என்றும் கேட்டுவிடுங்கள். தேயிலைக் கொழுந்து எடை போட்டுவிட்டு வந்த கையோடு அந்தப் பையனின் அம்மா சொன்னது: “அவங்கப்பாவும் இப்படித்தான் டீச்சர். கல்யாணத்தன்னிக்கே யார்கிட்டயும் பேசல. ஆனா இவன் ராத்திரி தலகாணிக்குள்ள மூஞ்ச வச்சிட்டு, ‘எங்கூட யாரும் வரமாட்டேங்கறாங்க’ன்னு சொல்றான்.” முதல் பாதியைக் கேட்டுவிட்டு எழுந்து வந்திருந்தால் இரண்டாவது பாதி கிடைத்திருக்காது.

2. காது, கண், மொழி

மனசைப் பற்றி யோசிக்குமுன் இந்த மூன்றையும் கழித்துவிடுங்கள். இதைத் தாண்டிக் குதித்தவர்கள் மாதக்கணக்கில் அலைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

காது: இந்தக் குளிரில் சளி பிடித்து, காதில் சீழ் வைத்து, அதோடே வளரும் பிள்ளைகள் ஏராளம். பாதிதான் கேட்கும். கூட்டத்தில் யார் பேசுகிறார்கள் என்று புரியாது, பதில் தப்பாக வரும், சிரிப்பார்கள், பிள்ளை ஒதுங்கிவிடும். பின்னால் நின்று மெதுவாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். திரும்பாவிட்டால் காதைச் சந்தேகப்படுங்கள். திரும்பினாலும் கருவி வைத்துச் செவித்திறன் பார்த்த சீட்டு ஒன்று இருப்பது நல்லது. காய்ச்சிய எண்ணெய் விடாதீர்கள்.

கண்: பந்து எங்கே வருகிறது என்று தெரியாத பிள்ளையை எந்த அணியும் சேர்த்துக்கொள்ளாது. கரும்பலகை மட்டுமல்ல, பந்தும் தெரிகிறதா என்று கேளுங்கள்.

மொழி: நீலகிரியில் இதைத்தான் அதிகம் தவறவிடுகிறோம். படுகர்களின் மொழியான படுகு பேசும் பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் எஸ்டேட் லைனிலிருந்து வந்த தமிழ்ப் பிள்ளை ஒன்று. தமிழ் வகுப்பில் இருளர், குறும்பர் பழங்குடிப் பிள்ளை ஒன்று. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் மலையாளம் பேசுகிறவர்களுக்கு நடுவே பணியர் பழங்குடிப் பிள்ளை. இப்போது வட மாநிலத்திலிருந்து தேயிலை வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளும். இவர்கள் பேசாமல் இருந்தால் “கூச்ச சுபாவம்” என்று எழுதிவிடுகிறார்கள். தன் மொழிக்காரப் பிள்ளையோடு சேர்ந்ததும் கலகலவென்று பேசுகிறதா என்று பாருங்கள். பேசினால் அந்தப் பிள்ளைக்குக் குறை எதுவும் இல்லை. இரண்டு மொழியும் தெரிந்த ஒரு பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைப்பதோடு வேலை பாதி முடிந்தது. தன் மொழிக்காரர்களோடும் சேரவில்லை என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

3. ஒதுங்குகிறதா, தயங்குகிறதா, ஒதுக்கப்படுகிறதா

தூரத்திலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே காட்சிதான். சுவரோரம் ஒரு பிள்ளை. செய்ய வேண்டியது மட்டும் மூன்றுக்கும் வேறு வேறு. அதனால்தான் பார்த்து முடிக்காமல் எதையும் தொடாதீர்கள் என்றேன்.

ஒதுங்குகிற பிள்ளை தன் வேலையில் லயித்திருக்கும். கூட்டத்தைத் திரும்பிப் பார்க்காது. யாராவது கூப்பிட்டால் போய்க் கொஞ்ச நேரம் ஆடிவிட்டு வந்துவிடும். வீட்டில் புலம்பாது. தூக்கம், சாப்பாடு, படிப்பு எல்லாம் சரியாக இருக்கும். இந்தப் பிள்ளையை விட்டுவிடுங்கள். தனிமையில் நிம்மதியாக இருப்பது நோய் அல்ல. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு பார்வை போதும்.

தயங்குகிற பிள்ளை கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். அருகே போய் நிற்கும், கூப்பிட மாட்டார்களா என்று ஏங்கும், கூப்பிட்டால் பின்வாங்கும். பள்ளி நாள் காலையில் மட்டும் வயிற்றுவலி வரும். வீட்டில் வாயாடியாக இருந்து பள்ளி வாசலில் வாய் பூட்டிக்கொள்ளும் பிள்ளைகளும் இதில் சேர்த்தி. புதிதாகச் சேர்ந்த முதல் மாத மௌனத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அதற்குப் பிறகும் தொடர்ந்தால் அது பிடிவாதம் அல்ல, பயம்.

ஒதுக்கப்படுகிற பிள்ளை முயலும். இடித்துக்கொண்டு நுழையும், விதியை மாற்றும், தோற்றால் அடிக்கும். அல்லது ரயில் பையனைப் போலக் கேட்காதவர்களிடம் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லும். மற்றவர்கள் முகம் சுளிப்பது அதற்குப் படிக்கத் தெரியாது. சில சமயம் பிள்ளை எதுவுமே செய்திருக்காது. சாதி, லைன் வீடு, கிழிந்த ஸ்வெட்டர், சளி ஒழுகும் மூக்கு என்று கூட்டத்துக்கு ஏதோ ஒரு சாக்கு கிடைத்திருக்கும். பெரியவர்கள் பரிதாபப்படுவது அமைதியாக நிற்கிற பிள்ளையைப் பார்த்துத்தான். ஆனால் பின்னாளில் அதிகம் அடிபடுவது கூட்டம் தள்ளிவிட்ட இந்தப் பிள்ளைதான். “முரடன்” என்று பெயர் வாங்கிவிடுவதால் இரக்கமும் கிடைக்காது.

ஒரே பிள்ளையிடம் இரண்டு கலந்தும் வரும். தள்ளப்பட்டுத் தள்ளப்பட்டுத் தயங்கத் தொடங்கியவர்கள் பலர். எது முதலில் வந்தது என்று போன வருஷத்து ஆசிரியரைக் கேளுங்கள்.

இந்தப் பிரிப்பைச் செய்ய 25 வாக்கியங்கள் கொண்ட ஒரு கேள்வித்தாளும் உதவும். பலமும் சிரமமும் பற்றிய அந்தத் தாளை ராபர்ட் குட்மேன் 1997-இல் வெளியிட்டார். தமிழிலும் இருக்கிறது. அதில் 5 வாக்கியங்கள் சக பிள்ளைகளோடு உள்ள உறவைப் பற்றியவை. பெற்றோர் ஒன்று, ஆசிரியர் ஒன்று நிரப்பட்டும். இரண்டும் முட்டிக்கொண்டால் கவலைப்படாதீர்கள். வீட்டில் ஒன்றும் பள்ளியில் ஒன்றுமாக இருப்பதே ஒரு தகவல். மதிப்பெண்ணைப் பார்த்து நீங்களே நோய்க்குப் பெயர் வைத்துவிடாதீர்கள். அது சல்லடை மட்டும்தான்.

4. கேலியை முதலில் நிறுத்துங்கள்

பழகக் கற்றுக்கொடுப்பதெல்லாம் இதற்குப் பிறகுதான். தினமும் அவமானப்படும் இடத்துக்கே திரும்ப அனுப்பி “நல்லாப் பேசு, சிரி” என்றால் பிள்ளை எப்படிச் சிரிக்கும்? 1958-இல் பிரிட்டனில் பிறந்தவர்களைத் தொடர்ந்த ஆய்வு ஒன்றில், 7 வயதிலும் 11 வயதிலும் கேலிக்கும் கொடுமைக்கும் ஆளானவர்களை 50 வயதில் பார்த்தபோதும் மனச்சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தன. “பசங்கன்னா அப்படித்தான், சரியாயிடும்” என்று சொல்கிற தலைமையாசிரியரிடம் இதைச் சொல்லலாம். நான் சொல்வதுண்டு.

நோட்டிலிருந்து மூன்று சம்பவங்களை எடுங்கள். தேதி, இடம், சொன்ன வார்த்தை, பக்கத்தில் இருந்தவர்கள். அதைக் கடிதமாக எழுதி நேரில் கொடுங்கள். “என் பிள்ளையை எல்லாரும் கேலி செய்கிறார்கள்” என்று எழுதினால் யாரும் எதுவும் செய்ய முடியாது. “மதியம் சாப்பாட்டு வரிசையில் மூன்று நாளாகத் தட்டைத் தட்டிவிடுகிறார்கள். அந்தப் பத்து நிமிஷம் ஒரு பெரியவர் வரிசை ஓரம் நிற்க முடியுமா?” என்று எழுதினால் நிற்பார்கள். இடத்தையும் நேரத்தையும் சொல்லிக் கேட்பதுதான் சூட்சுமம்.

இங்கே வழக்கமாக நடக்கும் மூன்று தப்புகள். இருவரையும் ஹெச்.எம். அறைக்குக் கூப்பிட்டுக் கைகுலுக்க வைப்பது: வாசல் தாண்டியதும் வட்டியும் முதலுமாகக் கிடைக்கும். “நீயும் திருப்பி அடி” என்று வீட்டில் சொல்லிக்கொடுப்பது: அமைதியான பிள்ளைக்கு அது வராது, அடிக்கிற பிள்ளைக்கு “முரடன்” என்ற பெயர்தான் கூடும். பிரேயரில் பெயர் சொல்லிப் பரிதாபம் தேடுவது: இது எல்லாவற்றிலும் மோசம்.

அதைவிடச் சுற்றி நின்று சிரிக்கும் நாலைந்து பேரில் ஒருவரைத் தனியாகப் பிடியுங்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அடுத்தது நாமாகிவிடுவோமோ என்ற பயம். “அவன் தட்டு விழுந்தா நீ எடுத்துக் குடு, அது போதும்” என்று ஒரு சின்ன வேலையைக் கொடுங்கள். சிரிக்க ஆள் குறைந்தால் வித்தை காட்டுகிறவனுக்கு அலுத்துவிடும். “கூட்ஸு” என்ற பட்டப்பெயர் அப்படித்தான் தேய்ந்து போனது. முழுதாகப் போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

5. ஒரே ஒரு துணை

கூட்டத்தில் சேர்ப்பது இலக்கே அல்ல. ஒரு நண்பன் இருந்தால் போதும். நம் நோட்டுகளில் மிகப் பெரிய மாற்றம் வந்தது எல்லாம் இந்தப் படியில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

யாரைத் தேர்ந்தெடுப்பது? வகுப்பிலேயே நன்றாகப் படிக்கிற, எல்லாருக்கும் பிடித்த பிள்ளையைப் புதியவர்கள் கைகாட்டுவார்கள். வேண்டாம். அந்தப் பிள்ளைக்கு இருபது நண்பர்கள். இரண்டே நாளில் கடமை முடிந்துவிடும். அதே பாதையில் வீட்டுக்குப் போகிற, அமைதியான, தனக்கும் துணை தேவைப்படுகிற பிள்ளையைப் பாருங்கள். ஒரு வயது குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. “அவன் பாவம், அவனோட விளையாடு” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நட்பு தர்மம் போடுவது மாதிரி ஆகிவிடும்.

என்ன செய்ய வைப்பது? முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கச் சொன்னால் இரண்டு பேருமே தவிப்பார்கள். கைக்கு வேலை வேண்டும், கண் ஒரே பொருளின் மேல் இருக்க வேண்டும். பல்லாங்குழி அருமையான ஆட்டம்: இரண்டே பேர், முறை மாறி மாறி வரும், பேச வேண்டியதில்லை, ஆனால் எதிராளி என்ன செய்கிறாள் என்று கவனித்தே ஆக வேண்டும். ஆடு புலி ஆட்டமும் அப்படியே. கேரம் நாலு பேர் கூடினால் சண்டைக்காரர்களுக்கு ஆகாது.

எவ்வளவு நேரம்? முப்பது நிமிஷம். நன்றாகப் போகும்போதே நிறுத்துங்கள். “இன்னும் கொஞ்ச நேரம்” என்று விட்டால் சண்டையில் முடியும். பிள்ளைக்கு ஞாபகம் இருப்பது கடைசி ஐந்து நிமிஷம்தான். வெளிச்சத்திலேயே முடியுங்கள். நம் ஊரில் ஐந்தரைக்கு மேல் கரடியும் காட்டெருமையும் பாதையில் நிற்கும். பிள்ளைகள் வெளியே விளையாடாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். அதனால் யாராவது ஒரு வீட்டுத் திண்ணையோ மையத்தின் வராந்தாவோ நல்லது.

ரயில் பையனுக்கு வந்த துணை, தாத்தா ரயில்வேயில் தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேனாக இருந்த ஒரு நாலாம் வகுப்புப் பையன். அட்டைப்பெட்டியைக் கிழித்துத் தண்டவாளம் ஒட்டச் சொன்னோம். முதல் நாள் நம் ஆள் மட்டுமே பேசினான். ரயில் செங்குத்தில் ஏறப் பிடித்துக்கொள்ளும் பல்சக்கரம் கல்லாறிலிருந்து குன்னூர் வரைக்கும்தான், அதற்கு மேல் கிடையாது என்று ஏழு முறை சொன்னான். மற்றவன் கொட்டாவி விட்டான்.

இரண்டாம் நாள் ஒரு விதி போட்டோம்: ஒருத்தருக்கு ஒரு ஸ்டேஷன். இவன் “மேட்டுப்பாளையம்” என்றால் அவன் சொல்லும் வரை நிறுத்த வேண்டும். அவன் “கல்லாறு” என்றான். இவன் “அடர்லி”. அவனுக்கு அடுத்தது தெரியவில்லை. நம் பையன் வாயைப் பொத்திக்கொண்டு, குதிகாலில் எம்பி எம்பிக் குதித்துக்கொண்டு, அவன் முகத்தையே பார்த்தான். “ஹில்குரோவ்” என்று வந்ததும் இரண்டு பேரும் கத்தினார்கள். அவன் இன்னொரு பிள்ளையின் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்து நாங்கள் கண்டதில்லை. முறை விட்டுக் கொடுப்பதை ஆறு மாதம் உபதேசித்து வராதது பன்னிரண்டு ஸ்டேஷனில் வந்தது. பிள்ளைக்கு எதில் பைத்தியமோ அதிலேயே பாடத்தை வையுங்கள். “எப்பப் பாரு ரயிலு” என்று திட்டி அதைப் பிடுங்கினால் கைப்பிடி போய்விடும்.

வாரம் இரண்டு நாள், எட்டு வாரம். துணை ஒத்து வரவில்லை என்றால் மூன்றாவது வாரத்தில் மாற்றுங்கள், பிள்ளையைக் குறை சொல்லாதீர்கள்.

6. தயங்குகிற பிள்ளைக்குப் படிக்கட்டு

என் தப்பை இங்கே சொல்லிவிடுகிறேன். பள்ளியில் வாயே திறக்காத ஒரு பெண்ணை மையத்து ஆண்டு விழாவில் திருக்குறள் சொல்ல மேடையேற்றினேன். வீட்டில் அருவி மாதிரி சொல்வாள். மேடையில் மைக்கைப் பிடித்தபடி நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். யாரோ கைதட்டி உற்சாகப்படுத்தினார்கள். பாவாடை நனைந்தது. மூன்று வாரம் மையத்துப் பக்கமே வரவில்லை. வந்தபோது என்னைப் பார்க்காமல் வந்தாள்.

பயம் ஒரே தாவலில் போகாது. தாங்கக்கூடிய அளவு பயத்தில் கொஞ்ச நேரம் நின்றால் அது தானாக இறங்கும். ஓடிவிட்டால் அடுத்த தடவை பெரிதாகி வரும். அதனால் படிகள் சின்னதாக இருக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் நிற்க வேண்டும். அந்தப் பெண்ணுக்குப் பிறகு போட்ட வரிசை: காலியான வகுப்பறையில் அம்மாவோடு பேசுவது, அம்மாவோடு பேசும்போது நான் வாசலில் நிற்பது, உள்ளே வந்து முதுகைக் காட்டி உட்கார்வது, அம்மா வழியாக என் கேள்விக்குப் பதில், நேராக ஒரு சொல் பதில், அம்மா வெளியே போவது, ஒரு தோழி உள்ளே வருவது. இதற்கே பதினோரு வாரம் ஆனது. மேடை இந்த வரிசையிலேயே இல்லை.

ஒரு படியில் மூன்று தடவை சுலபமாக நின்ற பிறகுதான் அடுத்தது. சறுக்கினால் ஒரு படி கீழே இறங்குங்கள், திட்டாதீர்கள். அவள் பேசிய முதல் நாள் “ஐயோ, பேசிட்டா!” என்று கூவாதீர்கள். ஒன்றும் நடக்காததுபோல் அடுத்த கேள்விக்குப் போங்கள். “பேச மாட்டா சார், அவ அப்படித்தான்” என்று மற்ற பிள்ளைகள் அவளுக்காகப் பதில் சொல்வதையும் நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் பேசாமல் இருப்பதே அவள் வேலை என்று ஆகிவிடும்.

7. டாக்டரிடம் எப்போது, எதைக் கொண்டு

மேலே சொன்னதையெல்லாம் மூன்று மாதம் செய்தும் அசைவில்லை என்றாலோ, பள்ளிக்கே போக மறுத்தாலோ, பேச்சும் விளையாட்டும் வயதுக்குத் தகுந்தபடி இல்லை என்று தோன்றினாலோ போக வேண்டும். ஆட்டிசம், கவனக்குறைவு, கற்றல் குறைபாடு, பதற்றம் எதுவாகவும் இருக்கலாம். பெயர் வைப்பது டாக்டரின் வேலை.

எங்கே? பள்ளிக்கு வருஷம் ஒருமுறையும் அங்கன்வாடிக்கு இரண்டு முறையும் வர வேண்டிய, ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசுக் குழந்தை நலத் திட்டத்தின் மருத்துவக் குழு, 18 வயது வரை உள்ளவர்களைப் பார்க்கிறது. வளர்ச்சித் தாமதமும் அவர்கள் பட்டியலில் உண்டு. “என் பிள்ளையையும் பாருங்கள்” என்று முன்கூட்டியே ஆசிரியரிடம் பெயர் கொடுத்து வையுங்கள். ஒரே நாளில் முழுப் பள்ளியையும் பார்க்கிறவர்கள் கண்ணில் அமைதியான பிள்ளை படாது. அங்கிருந்து, இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பரிசோதித்துச் சிகிச்சை தரும் மாவட்ட அளவிலான தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நேரடியாகவும் போகலாம். பந்தலூரிலிருந்து உதகைக்குப் போய் வருவது ஒரு நாள் கூலி போகிற விஷயம். அதனால் கிளம்புமுன் 14416-ஐக் கூப்பிட்டுப் பேசிவிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. கட்டணமில்லை, இரவு பகல் எப்போதும் தமிழில் பேசலாம்.

கையில் நோட்டு, செவித்திறன் சீட்டு, நிரப்பிய கேள்வித்தாள், வீட்டில் பிள்ளை இயல்பாக விளையாடுவதைப் போனில் எடுத்த இரண்டு நிமிஷ வீடியோ. டாக்டர் முன்னால் பிள்ளை சிலைபோல உட்கார்ந்துவிடும். அப்போது இந்த வீடியோதான் பேசும். பிள்ளையை எதிரில் வைத்துக்கொண்டு குறைகளை அடுக்காதீர்கள். முடிந்தால் ஒருவர் பிள்ளையோடு வெளியே இருங்கள்.

சான்றிதழ் பற்றி: 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் இருக்கின்றன. 40 சதவீதமும் அதற்கு மேலும் என்று மதிப்பிட்டால் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்கு வழி உண்டு. வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர் இருப்பார், அவரைப் பாருங்கள். “சர்டிபிகேட் வாங்கினா நாளைக்குக் கல்யாணம் ஆகுமா?” என்று பாட்டிகள் கேட்பார்கள். பத்தாம் வகுப்பைத் தாண்டட்டும், அதற்கப்புறம் அதைப் பேசலாம் என்பதே என் பதில். மாறாக, சான்றிதழை முதல் படியாக வைத்து, அதை வாங்கியதும் ஓய்ந்துவிடுகிறவர்களும் உண்டு. காகிதம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடாது.

மூன்று மாதத்தில் ஆட்டிசத்தைக் குணப்படுத்துகிறோம் என்று பணம் கேட்கிறவர்களிடமிருந்து ஓடி வந்துவிடுங்கள்.

8. ஆறாம் வகுப்பு, விடுதி, பதின்வயது

கட்டியதெல்லாம் சரிவது இங்கேதான். ஐந்தாவது முடித்து வேறு பள்ளி, உண்டு உறைவிடப் பள்ளி, பிறகு கோயம்புத்தூரில் கல்லூரி. துணையாக இருந்தவன் வேறு ஊருக்குப் போயிருப்பான். புதிய பள்ளிக்கு அரைப் பக்கம் எழுதிக் கொடுங்கள்: எதில் ஆர்வம், எதைக் கண்டால் பதறும், பதறினால் எது அமைதிப்படுத்தும், யாரோடு ஒத்துப்போகும். குறைப்பட்டியல் வேண்டாம். ஒரே ஒரு தெரிந்த முகமாவது அதே பிரிவில் இருக்கும்படி கேளுங்கள். சேர்க்கை முடிவதற்குள் கேட்டால்தான் நடக்கும்.

நியூசிலாந்தில் டுனெடின் நகரில் 1972, 1973-இல் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் பேரைத் தொடர்ந்தவர்கள், 26 வயதில் மனநோய் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு 15 வயதுக்கு முன்பே ஏதோ ஒரு வடிவில் அது கண்டிருந்தது என்றார்கள். ஆகவே பதினொன்றிலிருந்து பதினைந்து வரை நோட்டை மறுபடி திறங்கள். தூக்கம் தலைகீழாவது, பிடித்ததெல்லாம் சலிப்பது, சாப்பாடு குறைவது, “நான் இருந்தென்ன” என்ற பேச்சு, கையில் கீறல். பையன்களிடம் சோகம் சோகமாக வராது, எரிச்சலாக வரும்.

சந்தேகம் வந்தால் நேராகக் கேளுங்கள்: “செத்துடலாம்னு தோணுதா கண்ணு?” கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், திட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள். 14416-ஐக் கூப்பிட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். தோட்டம் வைத்திருக்கிற வீடுகளில் களைக்கொல்லியும் பூச்சிமருந்தும் கட்டிலுக்கடியில் கிடக்கும். அதை இன்றைக்கே எடுத்துப் பூட்டிவிட்டுச் சாவியை வேறு வீட்டில் கொடுங்கள். அந்த எண்ணம் உச்சத்துக்கு வருவது பல சமயம் கொஞ்ச நேரத்துக்குத்தான். அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இருக்கக் கூடாது.

9. மழை லீவு

ஜூன், ஜூலையில் கலெக்டர் அடுத்தடுத்து விடுமுறை விடுவார். பஸ் ஓடாது, மண் சரியும், நான்கைந்து நாள் பிள்ளை வீட்டுக்குள்ளேயே இருக்கும். தயங்குகிற பிள்ளைக்கு இது தேன். பள்ளி திறந்த அன்று படிக்கட்டில் விட்ட இடத்திலிருந்து தொடங்காதீர்கள்; இரண்டு படி கீழேயிருந்து தொடங்குங்கள், ஒரு வாரத்தில் பழைய இடத்துக்கு வந்துவிடும். விடுமுறையில் முடிந்தால் துணைப் பிள்ளையோடு தினம் ஐந்து நிமிஷம் போனில் பேச விடுங்கள். ரயில் பையன் போன வருஷம் அப்படித்தான் செய்தான். மண் சரிந்து மலை ரயிலை நிறுத்திய நாளில் முதலில் அவனே கூப்பிட்டு, எந்த ஸ்டேஷனுக்கும் எந்த ஸ்டேஷனுக்கும் நடுவில் என்று சொல்லிவிட்டு, “நீ சொல்லு, அடுத்தது என்ன?” என்று நிறுத்தினானாம்.